வேற ஒண்ணும் இல்ல, வைட்டமின்தான்

பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தை விட்டு வந்த பிறகு இசைக்கவையை நான் மறுபடி பார்த்தது ஒரு நரம்பியல் டாக்டரின் மேசையில். என்னைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கவையை ஒரு தட்டுத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்பார். அதிர்வு தெரிகிறதா, எப்போது நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. காத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. "ம், சொல்லுங்க" என்றார். "நீங்க இன்னும் வைக்கலையே டாக்டர்" என்றேன். "வச்சு அஞ்சு செகண்ட் ஆச்சுப்பா. கண்ணைத் திறந்து பாருங்க." பார்த்தேன். கவை கட்டைவிரல் மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் முனைகள் ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

மூன்று மாதமாகவே பாதம் என்னுடையதாக இல்லை. வெறுங்காலில் நிற்கும்போதும் தடித்த சாக்ஸ் போட்ட மாதிரி ஒரு மந்தம். ஸ்குவாட் போடும்போது எடை குதிகாலில் இறங்குகிறதா, முன்பாதத்துக்குப் போகிறதா என்பதைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. பத்து வருடம் பளு தூக்கியவனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று தூக்குகிறவர்களுக்குத் தெரியும். இதைவிட விசித்திரம், வாஷ்பேசினில் முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு முன்னால் சாயும். இரண்டு முறை நெற்றி குழாயில் இடித்திருக்கிறது. இருட்டில் நடந்தால் குடித்தவன் நடை. எல்லாவற்றையும் டெட்லிஃப்ட் தலையில் கட்டினேன். டிஸ்க் விலகியிருக்கும், நரம்பு நசுங்கியிருக்கும், வேறென்ன.

டாக்டரிடம் போகும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஸ்டீராய்டு ஊசி போட்ட விஷயத்தை மறைக்கக் கூடாது, மறைத்தால் வைத்தியம் தப்பாகப் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லியும் விட்டேன். நான்ட்ரோலோன், டெஸ்டோஸ்டிரோன், எத்தனை வாரம், எப்போது நிறுத்தினேன், எல்லாம். அவர் முகம் சுளிக்கவில்லை, எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "வேற ஒண்ணும் இல்ல டாக்டர், வைட்டமின்தான்" என்றேன்.

அந்தத் 'தான்' ஒரு வருடமாக என்னை விடவில்லை. ஸ்டீராய்டு எடுக்கலாமா கூடாதா என்ற பஞ்சாயத்துக்குள் இங்கே நான் போகப்போவதில்லை. எடுத்தேன், அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை. ஊசியை மருந்தாகவும் வைட்டமினை 'தான்' ஆகவும் நினைத்த புத்தியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பாதி பாதி உண்மைகள்

நான்ட்ரோலோன் போட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பயம் ஒன்று உண்டு: தாய்ப்பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன். அந்த மருந்து புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளிலும் கொஞ்சம் போய் ஒட்டும், அதனால் புரோலாக்டின் ஏறும், ஏறினால் மார்பு கனக்கும், ஆசை அடங்கும் என்று ஜிம்மில் சொல்வார்கள். பரிகாரமும் அங்கேயே கிடைக்கும். எங்கள் ஜிம்மில் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் சீனியர் ஒருவர் இருந்தார். என் முதல் ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் 24 என்று வந்தபோது (அந்த லேப் போட்டிருந்த உச்சவரம்பு 15) அவரிடம்தான் ரிப்போர்ட்டைக் காட்டினேன். "பி6 போடு தம்பி. டோபமைன் ஏறும், இது தானா இறங்கிடும். வைட்டமின்தானே, மிஞ்சினா மூத்திரத்துல போயிடும்" என்றார்.

இந்தத் தர்க்கத்தில் பொய் என்று ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக் காட்ட முடியாது, அதுதான் அதன் அழகு. பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினைக் கொட்டாமல் மூடிவைத்திருப்பது டோபமைன், உண்மை. எல்-டோபாவை டோபமைனாக மாற்றும் நொதிக்குத் துணையாக பி6-இன் செயல்படும் வடிவம் வேண்டும், அதுவும் உண்மை. 1970-களில் மருத்துவர்களே இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். பெரிய அளவில் பி6 கொடுத்தால் புரோலாக்டின் இறங்குமா, தாய்ப்பால் சுரப்பு நிற்குமா என்று சோதித்தார்கள். சிலருக்கு இறங்கியது, மற்ற ஆய்வுகளில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புரோமோகிரிப்டின், கேபர்கோலின் போன்ற மருந்துகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன, பி6 யோசனை மருத்துவத்தில் ஒதுங்கிப்போய் ஜிம்மில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், ஆரோக்கியமான ஒருவர் உடம்பில் அந்த நொதிக்குத் தேவையான பி6 ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய் இருக்கும் விளக்கில் இன்னும் ஊற்றினால் சுடர் பெரிதாகாது, வழிந்து ஓடும். எங்கே ஓடும் என்பதுதான் கேள்வி. மூத்திரத்தோடு முடிந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

இன்னொன்றையும் இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்த 24 வந்த நாள், காலையில் எழுந்ததும் ஜிம், கனமான டெட்லிஃப்ட், அங்கிருந்து வியர்வையோடு நேராக லேப். தூக்கத்தில் புரோலாக்டின் ஏறியிருக்கும், எழுந்த பிறகுதான் மெல்ல இறங்கும். கடுமையான உடற்பயிற்சி அதை ஏற்றும். ஊசியைக் கண்டு பயந்தால்கூட ஏறும். மூன்றும் எனக்கு அன்று பொருந்தும். (ஆமாம், தொடையில் தானே ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு லேப் ஊசியைக் கண்டால் பயம். கேட்காதீர்கள்.) இன்னொரு நாள், ஓய்வாக உட்கார்ந்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்திருந்தால் அந்த எண் என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. அன்று சாயங்காலமே 100 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு இரண்டு என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் புரோலாக்டின் 6. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அவர் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினார். வேலை செய்கிற மருந்தை யாராவது விடுவார்களா? நான்ட்ரோலோன் டெகனோவேட் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டை நான்காக்கினேன். ஊசியெல்லாம் நிறுத்திய பிறகும் அந்த நான்கு நிற்கவில்லை.

டப்பாக்களைப் பரப்பிய நாள்

'வைட்டமின்தான்' என்று சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னென்ன வைட்டமின்?" எனக்குப் பெயர் எல்லாம் நினைவில் இல்லை. ஊசியின் பெயர், எஸ்டர், வாரக் கணக்கு, மில்லிகிராம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதற்கென்று ஒரு நோட்டே வைத்திருந்தேன். வைட்டமினுக்கு நோட்டு இல்லை. "அடுத்த தடவை வரும்போது வீட்ல இருக்கிற டப்பா மொத்தத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க" என்றார்.

கொண்டுபோனேன். மேசை மேல் பரப்பியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பி6 தனி டப்பா. பி காம்ப்ளெக்ஸ். மல்டிவைட்டமின். ராத்திரிக்கு இசட்எம்ஏ. ஜிம்முக்கு முன் கலக்கிக் குடிக்கும் பொடி. முடிக்கு ஒன்று. டி3. மீன் எண்ணெய். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தார். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். 400. பி காம்ப்ளெக்ஸில் 50. மல்டிவைட்டமினில் 25. பொடியில் 20. இசட்எம்ஏவில் பத்தரை. கோடு போட்டுக் கூட்டினார். 505.5.

"பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடுன்னு போட்டிருக்கே, அது எல்லாமே பி6தான். அஞ்சு டப்பாவுல அஞ்சு தடவை சாப்பிட்டிருக்கீங்க" என்றார். ஒரு நாளைக்கு ஒருவருக்குத் தேவை எவ்வளவு என்று கேட்டேன். 1.3 மில்லிகிராம். கிட்டத்தட்ட 390 மடங்கு. எட்டு மாதம்.

நான் கொஞ்ச நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உண்மையில் ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? குற்றவாளியைப் பிடித்துக்கொடுக்கத் தயாராக வந்திருந்தேன். ஊசியைக் கைகாட்டிவிட்டு, அதற்குரிய திட்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்று மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான் கணக்கிலேயே சேர்க்காத ஒரு மஞ்சள் டப்பாவைத் தனியாக எடுத்து மேசை ஓரத்தில் நகர்த்தி வைத்தார்.

அவர் விளக்கியது இது. தொடு உணர்ச்சியைச் சுமக்கும் நரம்புச் செல்கள் தண்டுவடத்துக்கு உள்ளே இல்லை, அதன் ஓரமாக முடிச்சு முடிச்சாக இருக்கின்றன. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ரத்தத்தில் இருந்து கிடைக்கும் காவல் அந்த முடிச்சுகளுக்கு அவ்வளவாகக் கிடையாது. அளவுக்கு மீறிய பி6 அங்கேதான் விஷமாகிறது. நீளமான நரம்பு முதலில் அடிபடும், அதனால் பாதத்தில் ஆரம்பிக்கும். 1983-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஏழு பேரைப் பற்றிய அறிக்கை வந்தது. நாளுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்தவர்கள், நடையே தடுமாறிப்போனவர்கள். அதன் பிறகு இருநூறு மில்லிகிராம் அளவிலும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்காவில் போட்ட உச்சவரம்பு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 25-ஆக இருந்த வரம்பை 12-ஆகக் குறைத்தது. ஆஸ்திரேலியாவில் நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டும் மாத்திரையின் லேபிளிலேயே எச்சரிக்கை போட வேண்டும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், கூடினாலும் கெடும் என்பதால், கால் மரத்துப்போகிறது என்று சொல்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பி6 கொடுக்கும் விபத்தும் நடக்கிறதாம். நானே அதைச் செய்தேன். மரப்பு ஆரம்பித்தபோது நரம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லித்தான் அந்த பி காம்ப்ளெக்ஸ் டப்பா வீட்டுக்கு வந்தது.

நரம்புக் கடத்தல் சோதனையும் அதையே சொன்னது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒழுங்காக இருந்தன, கெண்டைக்காலில் உணர்ச்சி நரம்பின் சமிக்ஞை பாதிக்குக் கீழே. எடையைத் தூக்கும் பலம் அப்படியே இருந்தது, தரை எங்கே இருக்கிறது என்ற செய்திதான் வந்துசேரவில்லை.

உயிர்ச்சத்து

தமிழில் வைட்டமினுக்கு உயிர்ச்சத்து என்று பெயர் வைத்தோம். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லைப் படித்த தலைமுறை நான். உயிரும் சத்தும் சேர்ந்த ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்? 1912-இல் காசிமிர் ஃபங்க் வைத்த மூலப்பெயரிலும் உயிர் என்ற சொல்தான் முன்னால் நிற்கிறது. இந்த இடத்தில் அமிர்தமும் நஞ்சும் வரும் பழமொழியை நீங்கள் எதிர்பார்க்கலாம். அது எனக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெரியும், ஒன்றும் உதவவில்லை. அளவு எவ்வளவு என்று அது சொல்வதில்லையே.

ஸ்டீராய்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் பழைய உறவு உண்டு. கிழக்கு ஜெர்மனி 1974 முதல் அரசுத் திட்டமாகவே வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. ஓரல்-டூரினபோல் என்ற நீல மாத்திரை. பதின்வயதுப் பெண்களுக்கும் கொடுத்தார்கள், அது வைட்டமின் என்று சொல்லி. 1986-இல் குண்டு எறிதலில் ஐரோப்பிய சாம்பியனான ஹைடி க்ரீகர், பிற்பாடு ஆந்த்ரேயாஸ் க்ரீகர் ஆனவர், இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2000-இல் பெர்லின் நீதிமன்றம் அந்த நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டையும் மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது, தண்டனையை நிறுத்திவைத்து. ஒரு மாத்திரையைக் கேள்வி கேட்காமல் விழுங்கவைக்க வைட்டமின் என்பதைவிட நல்ல பெயர் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அப்படி யாரும் பொய் சொல்லவில்லை. டப்பாவில் இருந்தது நிஜமாகவே வைட்டமின்தான்.

நான் ராத்திரி போட்டுக்கொண்டிருந்த இசட்எம்ஏவின் கதை இன்னும் சுவாரசியம். துத்தநாகம், மக்னீசியம், பி6 சேர்ந்த அந்தக் கலவையைக் கொண்டுவந்தவர் விக்டர் கான்டி. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்களிடம் செய்து, அவரே உடன் எழுதி 2000-இல் வெளியான ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் நன்றாக ஏறியிருந்தது. 2004-இல் வேறு ஆட்கள் பளுப் பயிற்சி செய்யும் ஆண்களிடம் சோதித்தபோது ஏறவே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் 2003-இல் அவருடைய பால்கோ நிறுவனம் மாட்டியது. சோதனைகளில் சிக்காத டிஎச்ஜி என்ற ஸ்டீராய்டை முன்னணி வீரர்களுக்குக் கொடுத்த வழக்கில் 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு மாதம் சிறை போனார். வெளியே துத்தநாக மாத்திரை, உள்ளே டிஎச்ஜி. யாருடைய உடம்பு எதனால் வளர்ந்தது என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

சில நேரம் டப்பாவுக்கு உள்ளேயே இரண்டும் கலந்திருக்கும் என்பது தனிக் கூத்து. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட முடிவில், 94-இல் லேபிளில் சொல்லாத ஹார்மோன் சரக்கு இருந்தது. நூற்றுக்குப் பதினைந்து.

எண்களுக்கு வைத்தியம்

நரம்பியல் டாக்டர் என்னை ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார். ஊசியை நிறுத்திய பிறகு உடம்பு சொந்தமாக டெஸ்டோஸ்டிரோன் செய்ய ஆரம்பித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அவர் என் பழைய ரிப்போர்ட்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்து, புரோலாக்டின் 6 என்று போட்டிருந்த, நான் கொண்டாடிய அந்த ரிப்போர்ட்டில் நின்றார். ஆனால் அவர் பார்த்தது புரோலாக்டினை அல்ல. அதே தாளில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் அடிமட்டத்தில் இருந்தது, தைராய்டு ஹார்மோனான டி4 உச்சத்துக்கு மேலே, தைராய்டு மிகையாக ஓடுகிற ஆள் மாதிரி. "அந்தச் சமயத்துல கை நடுங்குச்சா? படபடப்பு? எடை இறங்குச்சா?" இல்லை, ஏறியது. "தைராய்டுக்கு எதுவும் மருந்து?" இல்லை. "முடிக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா தம்பி?"

முடிக்கு. ஆமாம். டெஸ்டோஸ்டிரோன் போட்டவர்களுக்கு நெற்றி ஏறுவது தெரிந்ததுதான், அதற்கு பயோட்டின் என்ற வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். தேவை 30 மைக்ரோகிராம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போடுவேன், லேப் போகும் நாளிலும்.

விஷயம் என்னவென்றால், ஹார்மோன்களை அளக்கும் பல லேப் சோதனைகள் பயோட்டினைத்தான் கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ஸ்டிரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினைக் கண்டால் பிடித்துக்கொள்ளும், விடாது. அதனால் ஹார்மோனைத் தேடும் ஆன்டிபாடிக்கு ஒரு பயோட்டின் வாலை ஒட்டிவைத்து, ஸ்டிரெப்டாவிடின் பூசிய துகள்களால் இழுத்து எண்ணுவார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே மாத்திரை பயோட்டின் நிரம்பியிருந்தால், அது முன்னாலேயே துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். ஆன்டிபாடிக்கு இடம் இல்லை. புரோலாக்டின், எல்எச், டிஎஸ்எச் போன்ற பெரிய மூலக்கூறுகளை அளக்கும் முறையில் இதனால் எண் பொய்யாகக் குறையும். டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் (முக்கியமான ஈஸ்ட்ரோஜன்), டி4 போன்ற சின்ன மூலக்கூறுகளுக்குச் சோதனை தலைகீழாக வேலை செய்கிறது, அங்கே எண் பொய்யாக ஏறும். எல்லா லேப் கருவியும் இப்படி இல்லை, ஆனால் என் ரிப்போர்ட் வந்த கருவி அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றார்.

இப்போது அந்தப் பட்டியலை ஸ்டீராய்டு போட்டவன் கண்ணால் பாருங்கள். எல்எச் (டெஸ்டோஸ்டிரோன் செய்யச் சொல்லும் சமிக்ஞை) பூஜ்யம்: எதிர்பார்த்ததுதான், வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை அந்தச் சமிக்ஞையை நிறுத்திவிடும். டெஸ்டோஸ்டிரோன் எக்கச்சக்கம்: போட்டால் ஏறத்தானே செய்யும். பொய் ரிப்போர்ட்டும் உண்மை ரிப்போர்ட்டும் எங்களுக்கு ஒரே மாதிரி இருக்கும். சாதாரண ஆள் ஒருவருக்கு இந்த எண்கள் வந்தால் எந்த டாக்டரும் புருவத்தை உயர்த்துவார். எங்களுக்கு யாரும் உயர்த்த மாட்டார்கள், நாங்கள்தான் டாக்டரிடமே போவதில்லையே. அதே ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரடையாலும் அதிகமாக இருந்தது. அண்ணன் அதற்கும் ஒரு மாத்திரை சொன்னார், அனஸ்ட்ரசோல், ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுப்பது. இரண்டே வாரத்தில் முழங்காலும் முழங்கையும் துருப்பிடித்த கீல் மாதிரி ஆயின. இல்லாத ஈஸ்ட்ரோஜனை இறக்கியிருக்கிறேன். முடிக்குப் போட்ட மாத்திரையால் மூட்டு வலி, நடுவில் ஒரு காகிதம்.

2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைப் பற்றி எச்சரித்தபோது ஒரு மரணத்தையும் குறிப்பிட்டது. மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் சோதனை பயோட்டினால் பொய்யாகக் குறைந்து காட்டிய நோயாளி. ஸ்டீராய்டு இதயத்தை என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். என் கூட்டத்தில் பாதிப் பேர் முடிக்கு மாத்திரை போடுகிறார்கள்.

ஹார்மோன் டாக்டர் பயோட்டினை ஒரு வாரம் நிறுத்தி (இரண்டு மூன்று நாளே போதுமாம், அவருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை), ஜிம்முக்குப் போகாமல், எழுந்து சில மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். டிஎஸ்எச் சரியாக இருந்தது. புரோலாக்டின் 13. ஊசியெல்லாம் நிறுத்திய பிறகு எடுத்த எண் அது, அதனால் அன்றைய உண்மை அளவு என்ன என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் 24-ஐ ஏற்றியது டெட்லிஃப்ட்டாக இருக்கலாம், 6-க்கு இறக்கியது முடி மாத்திரை. நடுவில் பி6 செய்த ஒரே வேலை என் காலில் நடந்தது.

இதற்குப் பிறகுதான் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். நண்பன் ஒருவன் ஸ்டனோசோலால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டே நியாசின், அதாவது பி3, பெரிய அளவில் போட்டுக்கொண்டிருந்தான். காரணம் எச்டிஎல், அதாவது நல்ல கொலஸ்ட்ரால். 1989-இல் வந்த ஓர் ஆய்வில் பளு தூக்குபவர்களுக்கு ஆறு வாரம் ஸ்டனோசோலால் கொடுத்ததில் எச்டிஎல் 33 சதவீதம் சரிந்தது, டெஸ்டோஸ்டிரோன் ஊசியில் 9 சதவீதம். நியாசின் அந்த எண்ணை ஏற்றும் என்பது சரி. ஆனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து எடுக்கும் இதய நோயாளிகளுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வை, எண் ஏறியும் பலன் ஏதும் தெரியாததால் 2011-இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதோடு, பெரிய அளவு நியாசின் போய்ச் சேருவதும் கல்லீரலுக்குத்தான், அந்த மாத்திரை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அதே கல்லீரலுக்கு. சொன்னேன். "வைட்டமின்தானேடா" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை.

கவை

பி6-ஐ நிறுத்தியதும் கால் தெளியும் என்று நினைத்தேன். முதல் மூன்று வாரம் இன்னும் மோசமானது. மரப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியது, ராத்திரியில் போர்வை பட்டால் எரிந்தது. இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், பிரேக் போட்ட பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடும் என்று. சொல்லாமல் இருந்திருந்தால் பயந்துபோய் மறுபடி அந்த டப்பாவையே திறந்திருப்பேன்.

டெஸ்டோஸ்டிரோனும் அவ்வளவு சுலபத்தில் திரும்பவில்லை. அந்த மாதங்களில் ஆளாளுக்கு வைட்டமின் டி3 போடச் சொன்னார்கள், டெஸ்டோஸ்டிரோன் ஏறுமாம். அதற்கும் ஓர் அடிப்படை உண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரக் குழு 2011-இல், எடை கூடிய ஆண்களுக்கு ஒரு வருடம் நாள்தோறும் 3,332 யூனிட் டி கொடுத்ததில் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறியதாக எழுதியது. அதே நகரக் குழு பிறகு ஆரோக்கியமான ஆண்களிடம் செய்த சோதனையில் ஏறவில்லை, அது அவ்வளவாகப் பரவவில்லை. ஹார்மோன் டாக்டரிடம் கேட்டேன். எல்எச் ரிப்போர்ட்டைக் காட்டி, "மணி அடிக்கிற ஆளே இன்னும் தூங்குறான். மணிக்கு எண்ணெய் போட்டு என்ன பண்ண?" என்றார். டி குறைவாக இருந்தால் எலும்புக்காகப் போடு, இதற்காகப் போடாதே என்று முடித்துவிட்டார். காத்திருக்கச் சொன்னார். பதினொரு மாதம் ஆயிற்று.

சென்ற வாரம் நரம்பியல் டாக்டரிடம் மறுபடி போனேன். கண்ணை மூடச் சொன்னார். வலது கட்டைவிரலில் வைத்ததும் தெரிந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மிக்சி ஓட்டுகிற மாதிரி மங்கலாக, ஆனால் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் "நின்னுடுச்சு" என்றேன். "ஒன்பது செகண்ட். நல்லா இருக்கு" என்றார். அடுத்து இடது கால். வைத்தார், லேசாகத் தெரிந்தது, உடனே போய்விட்டது. "நின்னுடுச்சு டாக்டர்." அவர் ஒன்றும் சொல்லாமல் கவையை அப்படியே எடுத்து என் கைவிரல் முட்டியின் மேல் வைத்தார். நிற்கவில்லை, நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது.

"ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். வெளியே வரும்போது வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தற்போது உட்கொள்ளும் மருந்துகள் என்று போட்டு இரண்டே கோடு விட்டிருந்தார்கள். டி3, 1,000 யூனிட் என்று முதல் கோட்டில் எழுதினேன். இரண்டாவதில் மீன் எண்ணெய்.